வலக்கை இல்லாமல் சத்தியப்பிரமாணம் செய்தவரும் எங்கள் பூட்டிய சபையும்: 12 பேருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, திகாமடுல்ல தேர்தல் மாவட்டங்களில் இருந்து தெரிவாகிப் பாராளுமன்றம் போயிருக்கும் 12 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன். உங்களுக்குள் எல்லாரும் இருக்கிறீர்கள், அதனால் மூன்றையும் போட்டுவிட்டேன்.

நான் கல்லடிப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறும் குடியியலும் சொல்லிக்கொடுக்கிறவன். பின்னேர வகுப்பு, தகரக் கொட்டகை, முப்பது பிள்ளைகள். மழை இறங்கினால் என் குரல் மூன்றாவது வாங்கைத் தாண்டாது. போன மாதம் அப்படி ஒரு மழையில் பாடத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை வாங்குகளை இழுத்துக்கொண்டு கிட்ட வரச்சொல்லி ஒரு கதை சொன்னேன். அந்தக் கதையால் வந்த வினைதான் இந்த மடல்.

1959 ஆகஸ்ட். ஹவாய் அப்போதுதான் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமாகியிருந்தது. அதன் முதல் பிரதிநிதி வாஷிங்டனில் சபைக்குள் வந்து நிற்கிறார். வலக்கையை உயர்த்திச் சத்தியப்பிரமாணத்தைத் திருப்பிச் சொல்லுங்கள் என்கிறார் சபாநாயகர். உயர்ந்தது இடக்கை. வலப்பக்கத்துக் கோட்டுக் கை வெறுமையாகத் தொங்குகிறது. அந்தக் கையை 1945 ஏப்ரலில் இத்தாலியில் ஒரு மலைச்சரிவில் விட்டுவிட்டு வந்திருந்தார். எறிவதற்காகக் கையில் பிடித்திருந்த கிரனேட்டோடு முழங்கை சிதறிப்போக, செத்த விரல்களுக்குள் இருந்து அதை இடக்கையால் பிடுங்கி எறிந்த மனிதர் அவர். பெயர் டானியல் இனோவே.

ஜப்பானில் இருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த குடும்பத்தின் பேரன். ஹிங்குராணைக் கரும்பைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலை எப்படியானது என்று விளக்கத் தேவையில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் பேர்ள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது இவருக்கு 17 வயது. காயப்பட்டவர்களுக்கு முதலுதவி செய்ய ஓடினார். ஆனால் முகம் ஜப்பான் முகம். இவரைப் போன்ற பிள்ளைகளை எதிரி நாட்டவர் என்று பதிந்து படையில் சேரவிடாமல் வைத்திருந்தார்கள். 1943இல் அந்தத் தடை போனதும், சத்திரசிகிச்சை வைத்தியராக வேண்டும் என்ற ஆசையைத் தள்ளி வைத்துவிட்டு 442ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார். போர்க்களத்திலேயே அதிகாரியானார். 1947இல் கப்டனாக வெளியே வந்தார். ஒரு கையோடு சத்திரசிகிச்சை செய்ய முடியாது. அப்புறம் சட்டம் படித்தார்.

இவ்வளவும் சொன்னதும் பின்வாங்குப் பையன் ஒருவன் கேட்டான்: "சேர், ஆமிக்காரன் எம்.பி. ஆனா நல்லதா?"

கொட்டகையில் மழைச் சத்தம் மட்டும். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் இருக்கிற கனம் உங்களுக்கும் தெரியும். பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை, பத்தாம் ஆண்டு, எழும்பினாள். "அவரு நேரா அங்க போகலயே சேர். முதல்ல அவர்ட ஊர்ச் சபைக்குத்தானே போயிருக்கார். எங்கட சபை எங்க இரிக்கி?"

கிழக்கு மாகாணசபை திருகோணமலையில் என்றேன். கட்டடம் இருக்கிறது, ஆளுநர் இருக்கிறார், பிரதம செயலாளர் இருக்கிறார், உறுப்பினர்கள்தான் இல்லை என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பிள்ளை சொன்னது சரி. இனோவே 1954இல் ஹவாய்ப் பிராந்தியத்தின் கீழ்ச்சபைக்குத் தெரிவானார், போன உடனேயே பெரும்பான்மைக் கட்சியின் சபைத் தலைவருமானார். 1958இல் மேற்சபை. அதற்குப் பிறகுதான் வாஷிங்டன். 1963 முதல் 2012 டிசம்பரில் கண்மூடும் வரை செனட்டர். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததல்ல. மிச்சிகனில் ஒரு படை வைத்தியசாலையில் பக்கத்தில் கிடந்த இன்னொரு காயக்காரர் பொப் டோல். அவருக்கும் வலக்கை விளங்காது. சட்டம் படிப்பது, மாநிலச் சபைக்குப் போவது, பிறகு காங்கிரஸ் என்று டோல் கட்டிலில் கிடந்தபடியே போட்ட கணக்கை இனோவேயும் பிடித்துக்கொண்டார். டோல் 1951இல் கன்சாஸ் மாநிலச் சபைக்குப் போனார், 1961இல்தான் காங்கிரசுக்கு. இனோவே அவரை முந்திவிட்டார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். 1954இல் ஹவாய் மாநிலமே அல்ல. சபையை மக்கள் தெரிவு செய்தார்கள், ஆளுநரை அமெரிக்க ஜனாதிபதி நியமித்தார். சபை நிறைவேற்றும், ஆளுநர் திருப்பி அனுப்புவார். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லையா? மாகாணசபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் எங்களுக்குத் தந்ததும் ஏறக்குறைய அந்த ஏற்பாட்டைத்தான். அதிகாரம் போதாது, வெறும் கோது என்று எங்களில் பலர் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோதுக்குள் உட்கார்ந்துதான் அவர் சட்டமியற்றப் பழகினார். கட்டளையிட்டுப் பழகிய கப்டன், வாக்குக் கேட்கவும், எதிர்க்கட்சிக்காரரோடு பேரம் பேசவும், தோற்றுவிட்டு மறுநாளும் வந்து அதே கதிரையில் உட்காரவும் அங்கேதான் பழகியிருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் என்ன நடந்தது? வடக்கும் கிழக்கும் 2007இல் பிரிந்து தனி மாகாணமான காலத்தில் எங்களுக்கு வந்த ஆளுநர் ஒரு ஓய்வுபெற்ற ரியர் அட்மிரல், மொஹான் விஜேவிக்ரம. 2015 வரை இருந்தார். அவரை மனிதராகக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் எங்களிடம் வாக்குக் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவுமில்லை, அவ்வளவுதான். துப்பாக்கியை வைத்துவிட்டு வந்த எங்கள் ஊர்க்காரரில், விநாயகமூர்த்தி முரளிதரன் 2008இல் தேசியப் பட்டியலில் நேரே பாராளுமன்றம் போனார். சிவநேசதுரை சந்திரகாந்தன் அதே ஆண்டு மாகாணசபை வழியாக முதலமைச்சரானார், 2020இல் பாராளுமன்றம் போனார். அவர்கள் மேல் உள்ள கேள்விகள் வேறு, அவை இந்த மடலுக்குள் அடங்காது. லெப்டினன்ட் கேர்ணலாக ஓய்வுபெற்ற கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் ஜனாதிபதியானபோது ஒரு பிரதேச சபையில்கூட இருந்ததில்லை. 2022 ஜூலையில் நாட்டை விட்டே போனார். ஏணியில் ஏறாமல் கூரைக்குப் போனவருக்கு இறங்க வழி தெரியாதுதான்.

இனோவே மகான் என்று நான் சொல்லவில்லை. படைச் செலவுப் பணத்தை ஹவாய்க்கு அள்ளிக்கொண்டு வருகிறார் என்று காலம் முழுக்கக் குறை கேட்டவர். ஆனால் கஹோஓலாவே என்றொரு தீவின் கதை எனக்கு முக்கியம். 1941 முதல் அமெரிக்கப் படை அதைக் குண்டு போட்டுப் பழகும் இடமாக வைத்திருந்தது. பூர்வகுடி ஹவாய் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 1990இல் குண்டு வீச்சு நின்றது. 1993இல் தீவை ஹவாய்க்கே திருப்பிக் கொடுக்கவும், துப்புரவாக்க 40 கோடி டொலர் ஒதுக்கவும் செனட்டில் வழி செய்தவர் இந்தப் பழைய கப்டன்தான். படையின் மொழி தெரிந்தவர், சபையின் வழியும் தெரிந்தவர். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததால் நடந்தது.

நம்முடைய காணிகளுக்காகப் பேச எங்களிடம் யார் இருக்கிறார்கள்? 2023 செப்டம்பரில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் தெருவோரத்தில் குந்தினார்கள். உங்களில் சிலரும், உங்களுக்கு முன் இருந்தவர்களும் வந்து பக்கத்தில் இருந்து படமெடுத்தீர்கள். நல்லது. ஆனால் கால்நடை மாகாணத்துக்குரிய விடயம். அதற்கு ஒரு மாகாண அமைச்சர் இருந்திருந்தால் அந்த மனிதர்கள் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல் வெயிலில் கிடந்திருக்க மாட்டார்கள்.

கிழக்கு மாகாணசபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8. சபை கலைந்தது 2017 செப்டம்பர் முடிவில். அதே மாதம் 17ஆம் இலக்க மாகாணசபைத் தேர்தல் திருத்தச் சட்டம் வந்து தேர்தல் முறையை, தொகுதியும் விகிதாசாரமும் சேர்ந்த கலப்பு முறையாக்கியது. புதிய முறைக்குத் தொகுதிகளைப் பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்கு, ஆதரவாக ஒன்றுமில்லை. சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்துத்தான் வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டதுபோல ஆகிவிட்டது. இதை எழுதும் வரைக்கும் சாவி வெளியே வரவில்லை.

அந்தப் பிள்ளை 2012 தேர்தலின்போது தாயின் இடுப்பில் இருந்திருப்பாள். அவளுடைய அண்ணனுக்கு 29 வயது. ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், மாநகரசபைத் தேர்தல் எல்லாவற்றுக்கும் விரலில் மை பூசியிருக்கிறான். மாகாணசபை வாக்குச்சீட்டை அவன் கண்ணால் கண்டதில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். எந்தக் கட்சியாக இருந்தாலும் 12 பேரும் ஒரு கடிதத்தில் ஒப்பமிடுங்கள். இம்முறைக்குப் பழைய விகிதாசார முறையிலேயே தேர்தலை நடத்த ஒரு சிறிய சட்டத் திருத்தம் போதும், சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றலாம். எல்லை நிர்ணயச் சண்டையை மறுகா பிடிக்கலாம். ஆளும் கட்சியில் இருக்கிறவர்கள் அதை மேசையில் வையுங்கள், மற்றவர்கள் வாக்குப் போடுங்கள். ஒருவராவது ஒப்பமிட மறுத்தால் அவர் பெயரையும் காரணத்தையும் எங்களுக்குச் சொல்லுங்கள்.

மார்கழி விடுமுறை முடிந்து தை மாதம் குடியியலில் மாகாணசபைப் பாடம் வரும். அந்தப் பிள்ளை மறுபடியும் எழும்புவாள், எனக்கு அவளைத் தெரியும்.

இப்படிக்கு,
கல்லடித் தகரக் கொட்டகை வகுப்பு வாத்தியார்,
மட்டக்களப்பு