அக்காவுக்கு, அந்த பாலத்து போன்கால் பத்தி

அக்கா,

ஜெர்மனிலயே நிரந்தரமா தங்க பிஆர் போட்டுட்டேன். போன வாரம் ஆபீஸ்ல டெர்மின், அதான் அப்பாயின்ட்மென்ட், கிடைச்சுது, பேப்பரெல்லாம் குடுத்துட்டு வந்துட்டேன். என்ன மாதிரி படிச்சு வேலைக்கு வந்தவங்களுக்கு குடுக்கற ப்ளூ கார்டு விசா இருந்து, ஜெர்மன் மொழில பி1 லெவல் பரீட்சை பாஸ் பண்ணிட்டா 21 மாசத்துலயே போடலாம், இல்லன்னா 27 வரைக்கும் காத்திருக்கணும். ராத்திரி ஏன் போன எடுக்கலன்னு கேப்பியே, அந்த ஜெர்மன் கிளாஸ்ல இருந்தேன். இத போன்லயே சொல்லிருக்கலாம், ஆனா நாம பேசினா அஞ்சாவது நிமிஷம் சண்டை, வாட்ஸ்அப்ல அனுப்பினா நீல டிக்கோட விட்ருவ. அதான் இங்க எழுதறேன். நம்ம ஆளுங்க நாலு பேர் படிப்பாங்கன்னு தெரியும், அதனால வீட்டு பத்திரம் பத்தி இதுல ஒரு வரி கூட வராது, பயப்படாத.

ஊர் சுத்தறேன் ஊர் சுத்தறேன்னு சொல்றியே, அந்த கணக்க மொதல்ல முடிச்சிடறேன். இங்க நாடு பூரா ஒரே மாச டிக்கெட்டு, 2023ல 49 யூரோன்னு ஆரம்பிச்சாங்க, 2025ல 58 ஆக்கிட்டாங்க. ஆபீஸ் டிராமுக்கு எப்படியும் அத வாங்கித்தான் ஆகணும், வாங்கிட்டா சனி ஞாயிறு எந்த லோக்கல் ரயில்ல ஏறினாலும் தனியா காசு கிடையாது. ஐசிஇ மாதிரி வேகமா போறதுல மட்டும் ஏற முடியாது, எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போறதுலதான் போவேன். சோறு கட்டி எடுத்துட்டு போயிடுவேன். போட்டோல அந்த டப்பா தெரியாது.

ஞாயித்துக்கிழம இங்க கடையே திறக்காது, சனிக்கிழமையே அரிசி பால் வாங்கி வைக்கலன்னா போச்சு. சத்தம் போடக்கூடாது, காலி பாட்டில கொண்டு போய் குப்பைத்தொட்டில போட்டா கூட எதுர் வீட்டு ஜன்னல் திறக்கும். ஒரு ரூம்ல நாள் பூரா அப்படி உக்காந்து பாரு, அப்புறம் பேசு. சரி, பொய் சொல்லல, சந்தோஷமாவும் இருந்துச்சு. கெளம்பும்போதே சந்தோஷமா இருக்கும்.

அம்மாவுக்கு கண் ஆபரேஷன் அன்னைக்கு நான் போனதுதான உனக்கு ஆறல. தேதி எனக்கு நல்லா தெரியும், காலையில இருந்து போனையே பாத்துட்டிருந்தேன், ரூம்ல இருந்தா பைத்தியம் பிடிக்கும்னு கார்ல்ஸ்ரூல ஏறி ஆஃபன்பர்க்ல மாறி கேல்ங்கற ஊர்ல எறங்கினேன். அங்க ரைன் ஆத்துக்கு மேல 2004ல கட்டின ஒரு நடைபாலம், இந்தப் பக்கம் ஜெர்மனி, அந்தப் பக்கம் பிரான்ஸ், ஸ்ட்ராஸ்பர்க். பாண்டில இருந்து வரப்ப முள்ளோடை செக்போஸ்ட்ல பஸ்ஸ நிறுத்தி பைய திறன்னு சொல்வாங்களே, அன்னைக்கு அது கூட இல்ல, நடந்து போயிட்டே இருந்தேன். பாதி பாலத்துல உன் வீடியோ கால். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொன்ன. எனக்கு அழுகை வந்துடுச்சு, அத மறைக்கத்தான் கேமராவ திருப்பி ஆத்த காட்டினேன். நீ ஒண்ணும் சொல்லாம போன அம்மாகிட்ட குடுத்துட்ட. அம்மா, "ஆத்துல தண்ணி ஓடுதா?"ன்னு கேட்டுச்சு. "கெடிலம் மாதிரி இல்லம்மா, வருஷம் பூரா ஓடும், கப்பலே போகும்"னு சொன்னேன். "அப்பிடியா, நல்லா காட்டு"ன்னுச்சு. அப்ப நீ போன பிடுங்கி, "ஒரு கண்ணு கட்டிருக்கு, இன்னொன்னுல புரை, அதுக்கு எதுக்குடி ஆறு காட்டுற"ன்ன. கட் பண்ணிட்ட.

அம்மாதான்க்கா கேட்டுச்சு. நான் காட்டினேன், அவ்ளோதான். அத எத்தன பேர்கிட்ட சொல்லிருக்க நீ? அத்தை வரைக்கும் வந்து என்கிட்ட கேட்டாங்க.

அந்த ஆஸ்பத்திரி வராண்டால நீ தனியா, குட்டிப்பய வேற மடியில, காலையில இருந்து டீ கூட குடிக்கலன்னு மாமா அப்புறம் சொன்னாரு. பக்கத்துல இருந்திருக்கணும். மன்னிச்சுக்கோ. ஆனா பணம் அனுப்பிட்டா ஆச்சான்னு நீ கேட்டது சரியில்ல. ஆகாதுதான். அதையும் ஒருத்தர் அனுப்பணும்ல, பணம் அனுப்பின மாசம் நான் எங்கயும் போகல, அதுக்கு ஸ்டேட்டஸ் போடல, அதனால உனக்கு தெரியல.

உன் பீரோல இருந்த பாஸ்போர்ட் ஞாபகம் இருக்கு எனக்கு. கம்பெனில வெளிநாட்டுக்கு அனுப்பற ஆன்சைட் வேலைக்கு எடுத்தது, ஒரு ஸ்டாம்ப் கூட இல்ல. நீ போயிருந்தா நான் அங்க இருந்திருப்பேன், நீ எனக்கு ஆறு காட்டிருப்ப. அது நின்னு போனதுக்கு நான் காரணமில்லக்கா, அப்ப நான் பிளஸ் டூ. யாருன்னு உனக்கு தெரியும், இங்க எழுத மாட்டேன். ஆனா ஒவ்வொரு சண்டையிலயும் அந்த கோவம் என் மேலதான் வருது, எவ்ளோ நாளைக்கு வாங்கிக்கறது.

அந்த பாஸ்போர்ட்ட ரினியூ பண்ணு. விசாவுக்கு இங்க நான் பொறுப்புன்னு எழுதி குடுக்கலாம், சம்பளத்த பாத்து சான்றிதழ் குடுப்பாங்க. மே மாசம் குட்டிப்பயலுக்கு லீவு தான. அம்மாவையும் கூட்டிட்டு வா, இப்ப கண்ணு நல்லா தெரியுதுல்ல.

பிஆர் விஷயத்த மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ முந்திக்காத.