விதை வாங்கும் முன் மூட்டை வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் குடும்பங்கள் சொந்தக் காலில் நிற்க உதவுவோம் என்று நம் வட்டாரக் கோயில்களும் தேவாலயங்களும் இளைஞர் மன்றங்களும் நிதி திரட்டுவது நல்ல காரியம். ஆனால் திரண்ட பணம் பெரும்பாலும் விதை, மண்வெட்டி, தையல் இயந்திரம் என்ற மூன்றைத் தாண்டுவதில்லை. முதல் ரிங்கிட், விளைந்ததைக் காப்பாற்றப் போகவேண்டும் என்பது எங்கள் கருத்து.

மலாவியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் நமக்கு ஆண்டு முழுக்க மழை. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஒரே மக்காச்சோள விளைச்சல். ஏப்ரல், மே மாதங்களில் எல்லார் வீட்டிலும் சோளம் குவிவதால் விலை விழுந்து கிடக்கும். கடன், கைச்செலவு, வண்டு அரித்துவிடுமோ என்ற பயம் மூன்றும் சேர்ந்து அப்போதே விற்க வைக்கும். விற்ற அதே குடும்பம் ஜனவரியில் ஏறிய விலைக்குச் சோளம் வாங்கும். சில ஆண்டுகளில் விலை இரட்டிப்பாகிவிடுவதும் உண்டு. காசில்லாதவர்கள் அடுத்தவர் நிலத்தில் ‘கன்யு’ என்னும் அன்றாடக் கூலிக்குப் போவார்கள். சொந்த வயலில் களை எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். களை முந்திக்கொண்டால் அடுத்த விளைச்சலும் குறையும். எவ்வளவு நல்ல விதை கொடுத்தாலும் இந்தச் சுழல் அறுவதில்லை.

இதை அறுக்கும் பொருள் ஒரு மூட்டை. ‘பிக்ஸ்’ என்று பெயர். வெளியே சாதாரண நெய்த சாக்கு, உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடித்த பிளாஸ்டிக் பைகள். 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயறுக்காகத் தொடங்கிய முறை இது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழுவினர் உருவாக்கினார்கள். காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே இருக்கும் வண்டுகளே பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, தின்பதை நிறுத்திச் செத்துவிடும். மருந்துத் தூள் வேண்டியதில்லை.

கட்டும் முன் சோளம் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் 13 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கருவி இல்லாத இடத்தில் உப்புச் சோதனை போதும். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு சோளம், அதன்மேல் இரண்டு மூன்று கரண்டி உப்பு. மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, கால் மணி நேரம் வைக்கவும். போத்தலின் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், மறுபடி வெயில் காட்ட வேண்டும். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஒரு நாள் காயவைப்பது நல்லது. உப்பையும் முதலில் காயவைக்க வேண்டும். நம் ஊர் உப்பைப் போலக் கசிந்திருந்தால் சோதனை பொய் சொல்லும். ஈரச் சோளத்தைக் கட்டிவைத்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் நஞ்சு சேரும். கென்யாவில் 2004இல் அந்த நஞ்சு கலந்த சோளம் 125 பேரின் உயிரைக் குடித்தது.

பிறகு உள்பையில் காற்றை ஊதி ஓட்டை பார்க்கவேண்டும். சோளத்தைக் கொட்டி அமுக்கி, காற்றை வெளியேற்றி, வாயைத் திருகி மடக்கி இறுக்கிக் கட்டவேண்டும். இரண்டாவது பையும் அப்படியே, கடைசியில் சாக்கு. தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல். கெடுவது எங்கே என்றால், உடைந்த சோளத்தட்டை குத்தி ஓட்டை விழும், எலி கடிக்கும், அல்லது ஆசைப்பட்டு இரண்டாவது வாரமே திறந்துவிடுவார்கள்.

ஐந்து பேர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 600 கிலோவுக்கு மேல் சோளம் வேண்டும். அத்தனைக்கும் இந்த மூட்டை தேவையில்லை. முதல் சில மாதச் சோளம் சாதாரணச் சாக்கிலேயே இருக்கலாம். பஞ்ச மாதங்களுக்கென்று 200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை நான்கு இருந்தால் போதும். மூட்டை ஒன்று பெரும்பாலும் 2 முதல் 3 அமெரிக்க டாலர். கவனமாக வைத்தால் அடுத்த பருவத்துக்கும் உதவும்.

அடுத்தது சேமிப்புப் பெட்டி. 1991இல் நைஜர் நாட்டின் மராடியில் கேர் என்னும் உதவி அமைப்பு தொடங்கியது. 15 முதல் 25 பேர் குழுவாகச் சேர்ந்து சேமிக்கும் முறை இது. பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூவரிடம், பெட்டி நான்காம் ஆளிடம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் ஒன்று முதல் ஐந்து பங்கு வரை வாங்கலாம். போட்டதைப் போல் மூன்று மடங்கு வரை கடன், ஆண்டு முடிவில் வட்டியோடு பங்கீடு. நம் தோட்டத்துக் கூட்டுச் சீட்டில் மாதம் ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார், எடுத்தவர் ஓடிப்போன கதையும் ஊருக்கு ஊர் உண்டு. இதில் பணம் எல்லார் கண்முன்னும் எண்ணப்படுகிறது. பங்கீட்டை அக்டோபரில் வைத்தால் மழைக்கு முன் உரம் வாங்கக் கையில் காசு இருக்கும். தயவுசெய்து அந்தப் பெட்டிக்குள் நன்கொடைப் பணத்தைப் போடாதீர்கள். வெளிப்பணம் விழுந்த நாளிலிருந்து அது இனாமாகிவிடும், கடன் திரும்பாது. பெட்டிக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் பயிற்றுநர் கூலிக்கும் கொடுங்கள்.

தொழில் பயிற்சி என்றாலே தையல் என்பது பழைய பழக்கம். பழைய துணி மூட்டை மூட்டையாக இறங்கும் ஊரில் தையற்காரருக்கு என்ன வேலை? மந்தாசி என்னும் எண்ணெய்ப் பலகாரம் விற்கும் பெண்ணுக்கு, மாவு, சீனி, எண்ணெயோடு கரியின் விலையையும் பிள்ளைகள் எடுத்துத் தின்றதையும் எழுதக் கற்றுக்கொடுத்தாலே லாபமா நட்டமா என்று தெரிந்துவிடும். டோகோவில் சுமார் 1,500 சிறு வியாபாரிகளிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், தானே வாய்ப்பைத் தேடும் முனைப்பைப் பழக்கிய பயிற்சி லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான கணக்கு வகுப்பால் அந்த அளவுக்குப் பயன் இல்லை. கணக்கும் வேண்டும், அதோடு நிற்கக்கூடாது.

பணம் எந்த மாதம் போய்ச் சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தைப்பூசத்தில் திரட்டியதை மார்ச்சுக்குள் அனுப்பினால் மூட்டைகள் அறுவடைக்குக் கிடைக்கும். தீபாவளியில் திரட்டியது மூட்டைக்கு உதவாது, அறுவடை முடிந்து விற்றும் இருப்பார்கள். அதைக் கோழிகளின் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்துக்கு ஒதுக்கலாம். வெப்பம் தாங்கும் ஐ-2 மருந்து கண்ணில் ஒரு சொட்டு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை. கோழிக்கு இவ்வளவு என்று வாங்கிச் சொட்டு விடுவதே கிராமத்தில் ஒருவருக்குத் தொழிலாகும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்