இரண்டு குத்து, அப்புறம் ஒரு அடி முன்னே

அன்பு நண்பா,

உன் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, மணிக்கட்டுதான். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' வீடியோ சண்டை ஆட்டத்தில் அகுமா என்ற வில்லனின் அடி ஒன்றைக் கேட்டிருந்தாயே, அதை நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று பயிற்சி மோடில் உட்கார்ந்தேன். இரண்டு மாலை ஆடினேன். மூன்றாம் நாள் காலையில் பேனா பிடிக்க முடியவில்லை. இருபது வயதில் விடிய விடிய அழுத்தியும் வராத வலி இப்போது அரைமணி நேரத்தில் வந்துவிடுகிறது. டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவைத்தேன்.

வீட்டில் எல்லோரும் நலம். மகளுக்குப் பதின்மூன்று ஆகிறது. அவளைப் பற்றிப் பின்னால் வருகிறேன், இந்த விஷயத்தில் அவளுக்கும் பங்கு இருக்கிறது. நீ வேலையை மாற்றிக்கொண்டது நல்லது. அதைவிட நல்லது, இத்தனை வருடம் கழித்து மறுபடி கன்ட்ரோலரைக் கையில் எடுத்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "அகுமாவின் மற்ற எல்லாம் வருகிறது, ஷுன் கோகு சட்ஸு மட்டும் பத்துக்கு ஒன்றுகூட வரவில்லை. எந்த மகராசன் இப்படி ஒரு கோணல் கட்டளையை வைத்தான்?" என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன். முப்பது வருடமாக எல்லோரும் கேட்கிற கேள்வி இது.

ஃபயர்பால் எறியும் ஹடோக்கென் போடும்போது கை என்ன செய்கிறது என்று கவனித்திருக்கிறாயா? கீழே, கீழ்முன், முன், குத்து. விரல் ஒரு கால்வட்டம் போகிறது. எதையோ வாரி முன்னால் தள்ளுவதுபோல் இருக்கும். திரையில் நாயகன் ரியூ செய்வதும் அதுதான். எம்பிக் குத்தும் ஷோர்யுகென்னிலும் விரலும் உடம்பும் ஒன்றாக எம்புவதுபோல் ஒரு உணர்வு உண்டு. ஆனால் அகுமாவின் அந்த அடிக்கு வட்டமும் இல்லை, வளைவும் இல்லை. லேசான குத்து, லேசான குத்து, முன், லேசான உதை, பலமான குத்து. ஐந்து தனித்தனி தட்டல்கள். பூட்டுக்கு எண் போடுவது மாதிரி. அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்ய வேண்டிய மந்திரம் என்றும் சொல்லலாம்.

உனக்கு ஏன் வரவில்லை என்றால், நீ ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு அழுத்துகிறாய் என்று சந்தேகப்படுகிறேன். 'முன்'னையும் லேசான உதையையும் ஒன்றாகவே தட்டிப் பார். அது ஏற்றுக்கொள்ளும். அப்போது ஐந்து என்பது நான்காகிவிடும், தாளமும் கிடைக்கும்: டக், டக், டடக், டும். வேகம் வேண்டும், ஆனால் பதற்றம் கூடாது. என் மணிக்கட்டு போனது இந்தப் பதற்றத்தில்தான்.

இப்போது அடியைப் பற்றி. எனக்கு இதில் பிடித்ததே நமக்கு எதையும் காட்டாததுதான். ஒரு காலை லேசாகத் தூக்கி, தரையில் படாதவன்போல் வழுக்கிக்கொண்டு வருகிறான். எதிராளியைப் பிடிக்கிறான். திரை மறைந்துவிடுகிறது. வரிசையாக அடிச்சத்தம், மின்னல் மின்னலாகப் பொறி. வெளிச்சம் வந்து பார்த்தால் எதிராளி கீழே கிடக்கிறான். இவன் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான், முதுகில் 'வானம்' என்று பொருள்படும் ஒற்றைச் சீன எழுத்து எரிகிறது. நடுவில் என்ன நடந்தது என்று அன்றிலிருந்து இன்றுவரை நமக்குத் தெரியாது. இப்போது வருகிற ஆட்டங்களில் சூப்பர் அடி என்றால் எலும்பு உடைவதை எக்ஸ்ரேயில் காட்டுகிறார்கள், கேமரா சுற்றிச் சுற்றி வருகிறது. பத்தாவது தடவை பார்க்கும்போது எப்போது முடியும் என்று இருக்கிறது. இருட்டு மட்டும் அலுப்பதில்லை.

பெயரும் அப்படித்தான். மூன்றே எழுத்து: கணம், நரகம், கொலை. அவன் பெயரே ஜப்பானில் கோக்கி, வெளிநாட்டுக்குப் போனபோதுதான் அகுமா ஆனான். அகுமா என்றாலும் ஜப்பானிய மொழியில் பேய், பிசாசுதான். வெளிநாட்டாருக்காக வைத்த பெயரும் ஜப்பானியப் பெயராகவே இருந்தது எனக்கு எப்போதும் வேடிக்கை.

அவன் வந்த கதை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. 1994-இல் 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ'. கடைசி எதிரி பைசன் நம் முன்னால் வந்து நிற்கிறான். திடீரென்று யாரோ ஒருவன் உள்ளே புகுந்து, ஒரே அடியில் பைசனை முடித்துவிட்டு நம் பக்கம் திரும்புகிறான். அந்த ஒரே அடிதான் இது. அதில் ஒரு கூத்து: ரகசியக் கட்டளை போட்டு அவனையே தேர்ந்தெடுத்து ஆடினாலும் நம் கையில் அந்த அடி கிடையாது. வில்லன் செய்வான், நாம் செய்ய முடியாது. அடுத்த வருடம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா' வந்தபோதுதான் நம் விரலுக்குக் கொடுத்தார்கள், அதுவும் கேஜ், அதாவது சூப்பர் அடிக்காகத் திரையில் நிரம்பும் கோடு, முழுவதும் நிரம்பினால் மட்டும்.

டர்போவுக்கு இரண்டு வருடம் முன்பு ஒரு அமெரிக்க விளையாட்டுப் பத்திரிகை ஏப்ரல் முட்டாள் தினத்துக்காக ஒரு புளுகு விட்டது. ஒரு அடிகூட வாங்காமல் பைசன் வரை போய், அங்கேயும் பத்து ரவுண்ட் யாரும் யாரையும் தொடாமல் இருந்தால், ஷெங் லாங் என்ற குரு வந்து பைசனைத் தூக்கி எறிந்துவிட்டு நம்மோடு சண்டைக்கு நிற்பாராம். ஷெங் லாங் என்று ஒருவரே இல்லை. ஷோர்யுகென் என்பதற்கான எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்து, ஆங்கிலத்தில் தவறாக மொழிபெயர்த்ததில் பிறந்த ஆள் அவர். எத்தனை பேர் ராத்திரி பகலாகப் பைசன் முன்னால் கைகட்டி நின்றிருப்பார்கள்! பொய் சொன்ன இரண்டாம் வருடம் கிட்டத்தட்ட அதே காட்சி ஆட்டத்திலேயே வந்துவிட்டது.

சூப்பர் அடி என்ற யோசனைக்கு அகுமா முதல் ஆள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1992-இல் 'ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்' என்ற வேறொரு சண்டை ஆட்டம் வந்தது. அதில் நாயகன் ரியோவின் உயிர்க்கோடு கரைந்து சாகப்போகும் நிலையில்தான் அந்தப் பெரிய அடி வரும். தோற்கிறவனுக்குக் கடைசி வாய்ப்பு. டர்போவில் அதைத் திருப்பிப் போட்டார்கள்: நீ எவ்வளவு தாக்குகிறாயோ அவ்வளவு கேஜ் நிரம்பும். உழைத்தவனுக்குக் கூலி. 2008-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் நான்காம் பாகத்தில் மறுபடி அடி வாங்குகிறவன் பக்கம் சாய்ந்தார்கள், வாங்க வாங்க நிரம்பும் இன்னொரு கேஜ் வந்தது. 2023-இன் ஆறாம் பாகத்தில் இரண்டும் உண்டு. கேஜ் மூன்று படியாக நிரம்புகிறது, உயிர் கால்வாசிக்குக் கீழே போனால் மூன்றாம் படி அடி இன்னும் கொடூரமாகிறது. எனக்குப் பழைய 'சாகப்போகிறவன்' முறைதான் பிடிக்கும். உனக்கு எது பிடிக்கும் என்று கேட்கவே வேண்டாம். நீ சேமிக்கிறவன்.

இப்போது மகள். 2018-இல் வந்த பழைய ஆட்டங்களின் தொகுப்பை வாங்கிப்போட்டு, மூன்றாம் பாகத்தின் 'தேர்ட் ஸ்ட்ரைக்'கை அவளோடு ஆடினேன். நான் அகுமா, அவள் சுன்-லீ. முதல் ஆட்டத்தில் மாட்டினாள். திரை மறைந்து தெளிந்ததும், "என்னப்பா ஆச்சு? ஒண்ணுமே தெரியலையே!" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் மறுபடி போட்டேன், குதித்துவிட்டாள். அது பிடிக்கிற அடி, பிளாக் செய்ய முடியாது. ஆனால் காற்றில் இருப்பவரைத் தொடாது, தெரியும் உனக்கு. மறுபடி போட்டேன், மறுபடி குதித்தாள். குதித்தவள் சும்மா இறங்கவில்லை, என் தலையில் உதைத்துக்கொண்டே இறங்கினாள். அகுமாவுக்கு உயிர் வேறு குறைவு, அடி பலமாக இருப்பதற்கு அவன் கொடுக்கும் விலை அது. மூன்றே உதையில் முடிந்தது.

"எப்படிக் கண்டுபிடிக்கிறே?" என்றேன்.

"நீ ரெண்டு தடவை சும்மா காத்துல குத்துறியே, அப்புறம் அதுதானே வருது" என்றாள்.

எப்பேர்ப்பட்ட அவமானம்! கட்டளையின் முதல் இரண்டு எழுத்தும் திரையில் வெளிப்படையாகத் தெரிகின்றன. தெரிந்த ஆட்டக்காரர்கள் அந்தக் குத்துகளை வேறு ஒரு தாக்குதலுக்குள் ஒளித்துவைப்பார்கள். நான் கொட்டடித்து அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. அடுத்த ஆட்டத்தில் கேஜ் நிரம்பியதும் காற்றில் இரண்டு குத்து விட்டேன். அவ்வளவுதான், மீதியைப் போடவில்லை. அவள் குதித்தாள். இறங்கும்போது ஷோர்யுகென். இரண்டு குத்து, குதி, ஷோர்யுகென். மூன்று தடவை விழுந்தாள். ஜெயித்தபோது என் கேஜ் நிரம்பியபடியே மின்னிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தபோது உன் ஞாபகம் வந்தது.

நீ தோற்கும்போதெல்லாம் உன் கேஜ் நிரம்பித்தான் இருக்கும். எத்தனை கேலி செய்திருப்பேன்! "யாருக்கடா சேர்த்து வைக்கிறே?" என்று கேட்டால் "சரியான நேரம் வரட்டும்" என்பாய். கர்ணன் அர்ஜுனனுக்கு என்று இந்திரன் கொடுத்த வேலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, கடைசியில் கடோத்கசன் மேல் வீச வேண்டியதாகிப் போனதே, அவனாவது வீசினான், நீ அதுவும் இல்லை என்று ஒருமுறை சொன்னேன். இரண்டு நாள் நீ பேசவில்லை.

இப்போது யோசித்தால், உன் கேஜ் நிரம்பியிருந்தபோது நான் எப்படி ஆடினேன்? கிட்டே வரமாட்டேன். தூரத்தில் நின்று ஃபயர்பால் எறிவேன். இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் குதிப்பேன். நம் கணக்கில் ஏறக்குறைய சரிபாதி நீதான் ஜெயித்தாய். அந்த ஜெயங்களில் எத்தனையோ, நீ போடாத அடியால் வந்தவை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இருபது வருடமும் ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணும் தேவைப்பட்டிருக்கிறது. அதற்காக நீ எல்லாம் தெரிந்து செய்தாய் என்று நினைக்காதே. உன்னுடையது வெறும் கஞ்சத்தனம்.

ஆனால் நிரம்பிய கேஜ் அதை வைத்திருப்பவனையும் காட்டிக்கொடுக்கும். சண்டை ஆட்டங்களுக்கான 2004 ஈவோ போட்டியில் டைகோ உமெஹாரா 'தேர்ட் ஸ்ட்ரைக்' ஆடியதை எத்தனை தடவை பார்த்திருப்போம்! அவருடைய கென்னுக்கு உயிர் ஒரு நூல்தான் மிச்சம். ஜஸ்டின் வாங்கின் சுன்-லீயிடம் கேஜ் தயார். டைகோ பிளாக் செய்தாலும் அந்தச் சின்னச் சேதத்திலேயே செத்துவிடுவார். வாங்குக்கு யோசிக்க என்ன இருக்கிறது, விட்டார். பதினைந்து உதை. டைகோ ஒவ்வொன்றையும் சரியான கணத்தில் 'முன்' தட்டிப் பேரி செய்தார், அதாவது சேதமே இல்லாமல் தட்டிவிட்டார், கடைசி உதையைக் குதித்துக் காற்றில் தட்டிவிட்டார், இறங்கியபடியே அடித்து ஆட்டத்தை முடித்தார். நொடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் முதல் உதையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தட்டினால் நேரம் போதாது. வரும் என்று முன்பே எதிர்பார்த்திருந்ததால்தான் தட்டினார். என் மகள் செய்ததும் அதுதான் (தகப்பன் என்பதால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன், பொறுத்துக்கொள்). பலருக்கு மறந்துபோகிற விஷயம், அந்தப் போட்டியின் இறுதியில் டைகோ தோற்றார். கோப்பை கென்ஜி ஒபாதாவுக்குப் போனது. காலத்துக்கும் நின்றது என்னவோ அந்தப் பதினைந்து உதைதான்.

கடிதம் நீண்டுவிட்டது, மணிக்கட்டு மறுபடி முனகுகிறது. மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் வா. ஆறாம் பாகமே ஆடலாம், மகளும் பார்க்க வேண்டும் என்கிறாள். நீ கேஜை நிரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திரு. இந்தத் தடவை நான் குதிக்கப்போவதில்லை, நடந்தே வருவேன். போடுகிறாயா இல்லையா என்று பார்த்துவிடலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் பழைய எதிராளி

பி.கு.: ஒன்று சொல்ல மறந்தேன். 'முன்' என்றால் எதிராளி இருக்கும் பக்கம். அவன் உன்னைத் தாண்டிக் குதித்துவிட்டால் அது இடதாகிவிடும். நீ அந்தக் காலத்திலிருந்தே எப்போதும் வலது பக்கமே தட்டுகிறவன்.