படிகத்தை முதலில் அளந்தவர்கள்

ஆசிரியருக்கு,

படிகங்கள் பற்றிய அறிவியல் பக்கக் கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் 1912இல் ஜெர்மன் இயற்பியலாளர் லாவே படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்திச் செய்த சோதனையோடுதான் படிக ஆய்வு எல்லாம் தொடங்கியது போல எழுதியிருப்பது சரியில்லை. அதற்கு முந்தைய இரண்டரை நூற்றாண்டுக் கதை அப்படியே விட்டுப்போயிருக்கிறது.

டென்மார்க்கில் பிறந்த மருத்துவர் நிக்கோலஸ் ஸ்டெனோ, 1669இல் வெளியான தம் நூலில், குவார்ட்ஸ் படிகங்கள் எந்த அளவில், எந்த வடிவில் வளர்ந்தாலும் அவற்றின் தட்டையான ஒத்த முகங்களுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று காட்டினார். அப்புறம் நூறாண்டுக்கும் மேல் இதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை.

எனக்குப் பிடித்த ஆள் கராஞ்ஜோ. பாரிஸில் ரோமே த லீல் என்ற கனிம ஆய்வாளருக்காகப் படிகங்களின் களிமண் மாதிரிகளைச் செய்து கொடுத்தவர். கோணம் பிசகினால் மாதிரி கெட்டுவிடும் அல்லவா? அதற்காக 1780 வாக்கில் படிகத்தின் இரு முகங்களிலும் ஒட்டி நிற்கும் இரண்டு கைகள் கொண்ட கோணமானியை உருவாக்கினார். அதை வைத்து ஏராளமான படிகங்களை அளந்த ரோமே த லீல், ஸ்டெனோ கண்டது எல்லாக் கனிமங்களுக்கும் பொருந்தும் என்று 1783இல் எழுதினார். பெயர் என்னவோ ரோமே த லீலுக்குத்தான் போனது!

அடுத்த ஆண்டே பாதிரியார் ஆயி, கால்சைட் என்ற கனிமம் எப்படி உடைந்தாலும் ஒரே வடிவத் துண்டுகளாகப் பிரிவதை வைத்து, படிகம் சின்னஞ்சிறு ஒரே மாதிரி அலகுகளின் அடுக்கு என்றார். எக்ஸ் கதிர் பின்னாளில் உள்ளே பார்த்துச் சொன்ன ஒழுங்கை இவர்கள் வெளியிலிருந்தே ஊகித்துவிட்டார்கள். இன்னொரு கட்டுரையில் இவர்களுக்கும் இடம் கொடுங்கள். கராஞ்ஜோவின் கருவிப் படமும் இருந்தால் நன்று.

– ஒரு வாசகர், தஞ்சாவூர்