தலைத்திவசம் முடிந்து எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முதல் வருஷத் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்தது. நீ வருவாய் என்று வடக்கு அறையைக் கழுவிவிட்டு, உன் பழைய கட்டிலுக்கு உறை மாற்றி வைத்திருந்தேன். லீவு கிடைக்கவில்லை என்றாய், சரி. சிங்கப்பூரிலிருந்து அண்ணன் வந்துவிட்டான். சென்னையிலிருந்து நீ வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிச் சமாளித்தேன். உன் அத்தைதான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போனில் பேசினால் "அப்புறம் பேசுறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை பேசுவதும் கடமைக்குப் பேசுவது போலத்தான் இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன மாதம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. பூங்கார் அரிசி கொடுத்துவிட்டேனே, அதைக் காலையில் கஞ்சி வைத்துக் குடி. வேறு எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. பெண்கள் உடம்புக்கு நல்லது என்றுதான் அப்பா குறுவையில் வருஷா வருஷம் அதை ஒரு மூலையில் போடுவார். உனக்காகத்தான் போடுவார்.

படையலுக்கு மாப்பிள்ளைச் சம்பாவில் சோறு வடித்து, சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்தேன். வயலில் எலி பிடிக்கக் கிட்டி வைக்கிற பெரியவர் வந்திருந்தார். வாசலிலேயே நின்றார், நான்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். "ஊரே எலிக்கு மருந்து வைக்குது, ஐயா மட்டுந்தான் எனக்குச் சொல்லியனுப்புவாரு" என்று சொல்லிவிட்டு அழுதார். மருந்து தின்ற எலியைக் கூகை ஆந்தை தின்றால் கூகையும் செத்துப்போகும் என்பதுதான் அப்பாவின் கணக்கு. தென்னை மட்டையைத் தலைகீழாக வயலுக்குள் நட்டு வைப்பாரே, ராத்திரியில் அதன் மேல் கூகை வந்து உட்காரும். விடிந்ததும் மட்டைக்குக் கீழே போய்க் குந்தி உட்கார்ந்து, அது துப்பிவிட்டுப் போன உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பார்ப்பார். உள்ளே எலி முடி, சின்னச் சின்ன எலும்பு, பல். ஸ்கூல் பையோடு நீயும் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பை எண்ணுவாய். பஸ் போய்விடும் என்று நான் வரப்பிலிருந்து கத்துவேன்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று சாயந்திரமும் கூகை கத்தியது. அவர்கள் வீட்டு அம்மா முகத்தைச் சுளித்து, "என்னங்க இது, நல்ல காரியம் பேசுற நேரத்துல" என்றார். அப்பா சிரித்தபடி, "அது எங்க வயலுக்குச் சம்பளம் வாங்காத காவக்காரன்மா" என்றார். மாப்பிள்ளை அப்போது கிணற்றடியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் பேசினார். அன்று ராத்திரி அப்பா சரியாகத் தூங்கவில்லை. மாப்பிள்ளை நன்றாக இருக்கிறாரா? நான் கேட்டதாகச் சொல்.

திவசத்தன்று உன் அண்ணன் மகன், தாத்தா எப்போதிலிருந்து இப்படி மருந்து போடாமல் விவசாயம் செய்தார் என்று கேட்டான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உனக்கு அப்போது விவரம் தெரியாத வயது. அதுவரை அவரும் எல்லாரையும் போல யூரியாவும் டிஏபியும் போட்டு, வாரா வாரம் மருந்து அடித்தவர்தான். ஒரு ஆடியில் டிராக்டர் விட்டு உழுதுகொண்டிருந்தது. பாதி உழவில் வீட்டுக்கு வந்துவிட்டார். "பின்னாடி ஒரு கொக்கு வரலடி. மண்ணுல திங்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் வரல" என்றார். அந்த வார்த்தையை அவர் எத்தனையோ நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகுதான் இயற்கை விவசாயத்தைப் பற்றி நம்மாழ்வார் ஐயா பேசுகிற இடமெல்லாம் போக ஆரம்பித்தார். முதல் போகம் ஏக்கருக்கு 12 மூட்டைகூடத் தேறவில்லை, பக்கத்து வயலில் 30 மூட்டை. என் சங்கிலி அடகுக்குப் போனது. நான் போட்ட சண்டை உன் காதிலும் விழுந்திருக்கும். அவர் பதில் பேசமாட்டார். கொல்லையில் 200 லிட்டர் பீப்பாயில் 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், வெல்லம் எல்லாம் போட்டுக் கரைத்துக்கொண்டிருப்பார். வரப்பில் புல்லைக்கூட மருந்தடித்துக் கருக்க விடமாட்டார். நாலைந்து வருஷம் கழித்து ஒரு உழவுக்கு டிராக்டருக்குப் பின்னால் வெள்ளையாகக் கொக்குக் கூட்டம் வந்தது. உதயமார்த்தாண்டபுரத்திலிருந்து நத்தை குத்தி நாரையும் வர ஆரம்பித்தது. அன்று அவர் வாங்கி வந்த அல்வா பொட்டலத்தை நீ மறந்திருக்கமாட்டாய்.

ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவுக்கு உன்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். 2 கிலோ விதை கொடுப்பார்கள், அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மஞ்சள் பையில் காட்டுயானம் 2 கிலோவைக் கொண்டுவந்து, உங்களை எல்லாம் தொடவிடாமல் சாமி அறையில் வைத்தார். ஜெயராமன் சேர்த்து வைத்தது 174 பாரம்பரிய நெல் ரகம். அதில் ஒன்று நம் வீட்டில் அழியாமல் இருக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

ஜெயராமன் இறந்தது 2018 டிசம்பர் 6. நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்து, நம் தென்னை எல்லாம் சாய்ந்து கிடக்கிறது, வீட்டில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து சேதி சொன்னான். விழுந்த தென்னைகளைப் பார்த்துக்கூட வாய் திறக்காத உன் அப்பா, அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்து விசும்பி அழுதார். ஆதிரெங்கம் போய்த் திரும்பி வந்து, பத்தாயத்தைத் திறந்து விதை நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தார். ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். டக்கென்று உடைந்தது. "விதை நல்லாக் காய்ஞ்சிருக்கு, தாங்கும்" என்றார். அதற்குப் பிறகுதான் சோறு சாப்பிட்டார்.

கொல்லைக் கோடியில் தலை முறிந்து நிற்கிற தென்னையை இந்தத் தடவை உன் பெரியப்பா வெட்டச் சொன்னார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதில் இந்த வருஷமும் கிளி பொந்து வைத்திருக்கிறது. அப்பா இருந்தவரை வெட்டவிடாததை, அவர் போய் வருஷம் திரும்பியதுமே நான் வெட்டுவேனா?

பாப்பா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்பா கடைசியாக உன் பிளாட்டுக்கு வந்து போனாரே, திரும்பி வந்த அன்று பையை வைத்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவ ஒரு தொட்டிகூட வைக்கலையே" என்பதுதான். புறா வருகிறது என்று பால்கனி முழுக்க வலை அடித்திருந்ததாம். மாப்பிள்ளைக்குச் செடி கொடி பிடிக்காது, கொசு வரும் என்று நீ சொன்னாயாம். வெண்டை விதையை டம்ளரில் முளைக்கப் போட்டு ஜன்னல் நெடுக அடுக்கி வைத்த பெண் நீ. ஹாஸ்டலில் இருந்தபோதுகூடப் பெயிண்ட் டப்பாவில் துளசி வைத்திருந்தாய். அப்பா அன்று முழுக்க வேறு ஒன்றும் பேசவில்லை. எனக்கும் உன்னிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. சரி, அதை விடு. கஞ்சியில் மோர் ஊற்றிக் குடி. வெறும் காபியைக் குடித்துவிட்டு ஓடாதே.

நீ படித்ததிலும் வேலைக்குப் போனதிலும் அவருக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த டார்ச் லைட்டைத்தான் கடைசி வரை வயலுக்கு எடுத்துப் போனார். ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீ ஒரே ஒரு ராத்திரி தங்கிவிட்டு, போன் வந்ததும் அரக்கப்பரக்கக் கிளம்பினாயே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்காதே. அந்த போன் வந்தபோது உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். அண்ணனிடம் பேசியாகிவிட்டது, அவனுக்கும் சம்மதம்தான். தெற்குத் தாக்கில் 3 மா நிலத்தை அப்பா உன் பேருக்கு எழுதி, பதிவும் செய்து வைத்திருக்கிறார். கிணறு அந்தத் தாக்கில்தான் இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான். திவசம் முடியட்டும், அப்புறம் சொல் என்றிருந்தார். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு எதற்கடா நிலம் என்று உன் பெரியப்பா அப்போதே கேட்டார். "1989-லேயே தமிழ்நாட்டுல பொண்ணுக்கும் சமபங்குன்னு சட்டம் வந்தாச்சுண்ணே. சட்டம் இல்லன்னாலும் குடுத்திருப்பேன். அவளுக்குன்னு கால் வைக்க ஒரு எடம் வேணும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பட்டா மாறுதலுக்கு நீ ஆதார் கார்டோடு நேரில் வந்தால் நல்லது என்று வி.ஏ.ஓ. சொல்கிறார்.

உன் தாக்கில்தான் இந்த வருஷம் காட்டுயானம் நிற்கிறது. இப்போதே என் இடுப்புக்கு வந்துவிட்டது, கதிர் வாங்கும்போது ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். மார்கழிக் கடைசியில் பூக்கும். அப்போது உள்ளே இறங்கி, வேறு ரகமாகக் கலந்து நிற்கிற கலவனைப் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் விதை கெட்டுவிடும். எனக்கு முட்டி வலி, சேற்றில் நிற்க முடியவில்லை. கூலிக்கு வருகிற பிள்ளைகளுக்கு எது கலவன் என்று தெரிவதில்லை. தோகையின் பச்சை ஒரு சாயல் மாறியிருந்தால்கூட நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மாசியில் அறுப்பு. அதுவரை நீ இருந்தால் எனக்கும் துணை.

மாப்பிள்ளையும் வந்தால் சந்தோஷம். நீ மட்டும் வந்தாலும் சரிதான். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், அத்தை வாயை நான் பார்த்துக்கொள்கிறேன். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியற்காலையில் மன்னார்குடியில் இறங்கிவிடலாம். ஏறியதும் ஒரு போன் போடு, ஆட்டோக்காரத் தம்பியை அனுப்பி வைக்கிறேன். லீவைப் பற்றி யோசிக்காதே. துணிமணி கொஞ்சம் அதிகமாகவே எடுத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
அம்மா