உள்ளிருந்தே துருவேறிய சேசிஸ்: பிக்கப் வண்டி நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
மீன் வியாபாரி,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
வாகனத் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: 2014-ல் வாங்கிய பிக்கப் வண்டியில் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துருவேறி, பின் ஆக்ஸிலைத் தாங்கும் வில்லான கமான் பட்டையின் பிராக்கெட் பிய்ந்தது குறித்தும், அதற்கு நீங்கள் அனுப்பிய பதில் குறித்தும்.

ஐயா,

பாம்பனில் மீன் எடுத்து மதுரையில் விற்பது என் தொழில். வண்டியை நானே ஓட்டுகிறேன். இந்த ஜூலை முதல் வாரம், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன விசைப்படகுகள் நல்ல பாடு கொண்டுவந்த நேரம். சூடையும் காரலும் ஏற்றிக்கொண்டு விடியற்காலை 3 மணிக்கு உச்சிப்புளி தாண்டும்போது பின்னால் டமார் என்று ஒரு சத்தம். டயர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். வண்டி இடது பக்கம் சாய்ந்து இழுத்தது. எதிரே லாரி எதுவும் வராதது நான் செய்த புண்ணியம்.

இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால் டயரில் காற்று அப்படியே இருக்கிறது. கமான் பட்டையில் ஒரு பிளேட்கூட உடையவில்லை. பட்டையை ஆக்ஸிலோடு இறுக்கும் யூ போல்ட்டும் சரியாக இருக்கிறது. பட்டையின் முன் கண்ணை, அதாவது முன்முனை வளையத்தைத் தாங்கும் பிராக்கெட்தான் சேசிஸ் தகட்டையும் பிய்த்துக்கொண்டு தொங்கியது. ஆக்ஸில் இடது பக்கம் ஒரு சாண் பின்னால் போயிருந்தது. ஏற்றியிருந்த பாரம் ஒரு டன்னுக்கும் கீழே. எடைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மாற்று வண்டி வந்து சேர்வதற்குள் ஐஸ் கரைந்து பாதி மீன் கோழித் தீவன விலைக்குப் போனது. அந்த நஷ்டத்தை நான் இங்கே கேட்கவில்லை.

ராமநாதபுரம் பட்டறையில் மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போனது. ஓட்டையில் என் கட்டைவிரல் நுழைகிறது. ஆனால் அதே இடத்தில் வெளிப்பக்கம் கறுப்புப் பெயின்ட் உரியாமல் இருக்கிறது!

இதற்கு நீங்கள் எழுதிய பதில் இரண்டே வரி. கடலோரச் சூழலாலும் பராமரிப்புக் குறைவாலும் வந்த துரு, வாரண்டி முடிந்துவிட்டது. வாரண்டி முடிந்தது எனக்கும் தெரியும். பராமரிப்புக் குறைவு என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் வண்டியை மேடேற்றி, அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீரில் கழுவி, துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் கறுப்பு அடிக்கிறேன். பட்டையைக் கழற்றிப் புஷ் மாற்றிய ரசீதுகூட இருக்கிறது. எட்டு வருடத்துக்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வண்டியைக் காட்டியாக வேண்டும், ஒரு தடவையும் திரும்பி வந்ததில்லை. அதிகாரி பார்ப்பதும் வெளிப்பக்கத்தைத்தானே.

துரு எங்கிருந்து வந்தது என்று மேஸ்திரி வெட்டிக் காட்டினார். பிராக்கெட் உட்காரும் இடத்தில் பலத்துக்காகச் சேசிஸுக்கு உள்ளே இன்னொரு தகடு வைத்து ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவே நூல் நுழையும் அளவு இடுக்கு. அதற்குள் உங்கள் பெயின்ட் போகவே இல்லை. மீன் பெட்டியிலிருந்து வழியும் உப்புத் தண்ணீர் அந்த இடுக்கில் ஏறிக்கொண்டால் லேசில் காயாது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அது உப்ப உப்ப இரண்டு தகடும் விலகி, இன்னும் தண்ணீர் போகிறது. தண்ணீர் வடிய நீங்கள் விட்ட துளையோ பிராக்கெட்டுக்கு ஒரு முழம் தள்ளி, மேடான பக்கத்தில் இருக்கிறது. என் பிரஷ் அந்த இடுக்குக்குள் எப்படிப் போகும்? அங்கே பெயின்ட்டோ மெழுகோ போயிருக்க வேண்டுமென்றால், அது உங்கள் தொழிற்சாலையில் மட்டுமே நடந்திருக்க முடியும்.

கடல் காற்று மேல் பழி போடுவதும் நியாயமில்லை. பாம்பன் காற்று இரும்பைத் தின்னும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். துருவை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பர் வரை ரயிலைத் தாங்கியது, ஆள் ஏறிச் சுரண்டிச் சுரண்டிப் பெயின்ட் அடித்ததால். உங்கள் டீலர் மீன் வியாபாரத்துக்கு ஏற்ற வண்டி என்று சொல்லித்தான் எனக்கு விற்றார். பாலைவனத்தில் ஓட்டுவேன் என்று நான் எழுதிக் கொடுக்கவில்லை.

என் மகள் ஒரு விவரம் தேடி எடுத்துக் கொடுத்தாள். அமெரிக்காவில் டொயோட்டா டகோமா பிக்கப்களுக்கு இதே மாதிரி சேசிஸ் துரு. அங்கே பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு, இங்கே கடல். 2008-ல் அந்த நிறுவனம் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களுக்குச் சேசிஸ் துருவுக்கு மட்டும் 15 வருட வாரண்டி கொடுத்தது, மோசமான வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிந்தைய மாடல்களுக்காக வழக்குப் போட்டபோது, 2016-ல் சேசிஸ் மாற்றித் தர ஒப்புக்கொண்டது. அங்கே 10 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தாலே போதும். என் ஓட்டையை நீங்களே வந்து அளந்துகொள்ளலாம்.

புதுச் சேசிஸுக்கு உங்கள் சர்வீஸ் சென்டர் சொல்லும் விலைக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். தகடு வைத்து வெல்டிங் போட மேஸ்திரி தயார். அவரே மதுரைக்கு லோடு ஏற்றாதே என்றும் சொல்கிறார். ஆகவே சேசிஸை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். சேசிஸ் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆகும் வேலையையும் நீங்களே பாருங்கள். பாம்பன், மண்டபம் பக்கம் இதே மாடலில் இன்னும் பல வண்டிகள் ஓடுகின்றன. அவற்றின் பிராக்கெட் இடுக்கை ஒரு முகாம் போட்டுச் சோதியுங்கள். அடுத்த சத்தம் பாலத்தின்மேல் கேட்கக் கூடாது.

30 நாளில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிக வண்டி என்று தட்டிக்கழிக்க வேண்டாம். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவனை 2019-ம் வருடச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது.

வண்டி பட்டறையிலேயே நிற்கிறது. உங்கள் இன்ஜினியர் வந்து பார்க்கும்வரை மேற்கொண்டு கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிய்ந்த தகட்டைச் சாக்கில் சுற்றி வீட்டில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம்)