எத்தனை முத்தையா?

காரைக்குடி

அன்புள்ள சொக்கு,

உன் கடிதமும் கூடவே நீ வைத்திருந்த பட்டியலும் வந்து சேர்ந்தன. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கண்மாயில் தண்ணீர் ஏறுகிறது. ஆத்தாளுக்குக் கண் ஆபரேஷன் எப்படி நடந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அடுத்த கடிதத்திலாவது எழுது.

இனி பட்டியல். ஆண்டு மலருக்காக ‘ஒரே குடும்பப் பெயர் கொண்ட பிரபலங்கள்’ என்று தலைப்பிட்டு, அரசியல், ராணுவம், சினிமா என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறாய். தலைப்பிலேயே இடிக்கிறது. வெள்ளைக்காரனுக்குக் கடைசிச் சொல் குடும்பப் பெயர். நமக்குக் கடைசியில் நிற்பது ஆளின் சொந்தப் பெயர். குடும்பம் முன்னால் இனிஷியலில் இருக்கிறது. நீ கடைசிச் சொல்லைப் பிடித்து அடுக்கியதால் ஒட்டும் உறவும் இல்லாதவர்கள் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவர்கள் வேறு வேறு பக்கத்தில் கிடக்கிறார்கள்.

முத்தையாவை எடுத்துக்கொள். ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் தகப்பனார் பெயர் முத்தையா. ராஜா சர் தம் மகனுக்குத் தகப்பனார் பெயரை வைத்தார். அவர்தான் எம்.ஏ. முத்தையா செட்டியார், 1933இல் சென்னை மேயர். எம் என்பது ஐயா (தகப்பனாரின் தகப்பனார்) முத்தையா, ஏ என்பது அப்பச்சி (தகப்பனார்) அண்ணாமலை. அவர் மகன் ராமசாமிக்கு எம்.ஏ.எம். என்று மூன்று எழுத்து ஆயிற்று. எம்.ஏ. முத்தையாவின் தம்பி எம்.ஏ. சிதம்பரம், 1955இல் அவரும் சென்னை மேயர். இனிஷியலும் ஒன்று, பதவியும் ஒன்று. நீ இருவரையும் ஒருவராக்கிவிட்டாய்! சிதம்பரத்தின் மகன் ஏ.சி. முத்தையா. இங்கே ஏ என்பது ஐயா அண்ணாமலை, சி என்பது அப்பச்சி சிதம்பரம். தகப்பன், மகன் இருவருமே கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்தவர்கள். சிதம்பரம் 1960 முதல் 63 வரை, மகன் 1999 முதல் 2001 வரை. வருடம் போடாவிட்டால் அங்கேயும் குழப்பம்தான்.

சூத்திரம் இதுதான்: தலைமுறைக்கு ஒரு எழுத்து பின்னால் சேரும், வீட்டு வழக்கப்படி முன்னால் ஒன்று உதிரும். பேரன் என்றாலே பெயரன்தானே. அதனால் இரண்டு தலைமுறைக்கு ஒருதரம் பழைய பெயரே திரும்பி வந்து நிற்கும். ‘முத்தையா செட்டியார்’ என்று மொட்டையாக எழுதினால் எந்தத் தலைமுறை என்று யாருக்கும் விளங்காது.

தாய்வழி உறவு மட்டும் இனிஷியலில் ஏறவே ஏறாது. ப. சிதம்பரம் கண்டனூர் பழனியப்பன் மகன். தாயார் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் மகள். ஆக எம்.ஏ. சிதம்பரம் இவருக்கு அம்மான், அதாவது தாய்மாமன். சேப்பாக்கம் மைதானம் அம்மான் பெயரில் இருக்கிறது, மந்திரியாக இருந்தவர் பெயரில் இல்லை. இந்த உறவை இனிஷியலிலிருந்து எடுக்க முடியாது, தனியாகத்தான் குறிக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துப் பிழை. இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை 1937இல் தொடங்கியவரை ‘எம்.சி.டி.எம். சிதம்பரம்’ என்று நான்கு எழுத்தாக உடைத்திருக்கிறாய். அங்கே இருப்பது மூன்று பெயர்: முத்தையா, சிதம்பரம், முத்தையா. நடுவில் உள்ள சிடி என்பது சேர்ந்தே ஒரு பெயர், சிதம்பரத்தின் சுருக்கம். தமிழில் சித. என்று எழுதுவதை இங்கிலீஷில் இரண்டு எழுத்தாகச் சேர்த்துப் போட்டார்கள். ராம. என்றால் ஆர்எம், அரு. என்றால் ஏஆர், சுப. என்றால் எஸ்பி. எல்லாம் அப்படித்தான். அச்சுக்கோக்கிறவர் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் இல்லாத ஒரு பாட்டன் முளைத்துவிடுவான். பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவின் விளிம்பைத் துடைத்துப் பார்: மு சித மு என்று வெட்டியிருக்கும், புள்ளியே இருக்காது. சித இரண்டும் ஒட்டி நிற்கும், மற்றவற்றுக்கு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் புள்ளி.

இதில் சரியான எடுத்துக்காட்டு உன் பட்டியலிலேயே இருக்கிறது, நீ கவனிக்கவில்லை. சினிமாக் கட்டத்தில் எஸ்.பி. முத்துராமன், அரசியலில் சுப. வீரபாண்டியன். இருவரும் கூடப்பிறந்தவர்கள்! திராவிட இயக்கத்து இராம. சுப்பையாவின் மக்கள். அண்ணன் தகப்பனார் பெயரை இங்கிலீஷில் சுருக்கினார், தம்பி தமிழில் சுருக்கினார். ‘எஸ்’, ‘பி’ என்று இரண்டாகப் பிரித்துத் தேடினால் இந்த உறவு பிடிபடாது. அதே நேரம் நடிகர் முத்துராமனை, பெயர் ஒன்று என்பதற்காக இயக்குநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறாய். நடிகர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இவருக்கு உறவே இல்லை.

முன்னால் நிற்பதெல்லாம் தகப்பன் பெயர் என்றும் எண்ணிவிடாதே. சிதம்பரம் ஜெயராமன் என்ற பாடகருக்குச் சிதம்பரம் என்பது ஊர். சக்தி கிருஷ்ணசாமிக்கு ‘சக்தி’ அவருடைய நாடக சபாவின் பெயர். சி. சுப்பிரமணியத்தின் சி மட்டும் தகப்பனார் சிதம்பரக் கவுண்டர், பொள்ளாச்சிப் பக்கம். ஒரே சிதம்பரம், ஊராகவும் ஆளாகவும் வருகிறது.

ராணுவத்துக்கு வருவோம். நீ தேடும் அசல் குடும்பப் பெயர் நம் சீமையில் இல்லை, மேற்கே இருக்கிறது: குமாரமங்கலம். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜமீன் ஊரின் பெயர். ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தலைமைத் தளபதி. தம்பி மோகன் குமாரமங்கலம் மத்திய மந்திரி, 1973இல் விமான விபத்தில் இறந்தார். மோகனின் மகன் ரங்கராஜனும் மந்திரி. ஜெனரலும் ரங்கராஜனும் 2000 என்ற ஒரே வருடத்தில் காலமானார்கள். இறந்த வருடத்தை மட்டும் வைத்து ஆளைப் பிரிக்காதே. அந்தக் கட்டத்திலும் இரண்டு பேர் விட்டுப்போயிருக்கிறார்கள். தகப்பனார் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி. சுப்பராயன். மகள் பார்வதி கிருஷ்ணன், கம்யூனிஸ்ட் எம்.பி., கணவர் பெயரோடு எழுதியவர். குமாரமங்கலம் என்று மட்டும் தேடினால் இருவருமே வர மாட்டார்கள். பிள்ளைகள் தலைமுறையில்தான் ஊர்ப்பெயர் கடைசிக்கு வந்தது.

கிருஷ்ணசாமி கட்டத்திலும் இதே கோளாறு. விமானப்படைத் தளபதியாக இருந்த எஸ். கிருஷ்ணசாமிக்கு அது சொந்தப் பெயர். தரைப்படைத் தளபதி சுந்தர்ஜியின் முழுப்பெயர் கிருஷ்ணசாமி சுந்தரராஜன். அங்கே அது முன்னால் நிற்கிறது. புதிய தமிழகம் கட்சியின் டாக்டர் கிருஷ்ணசாமி மூன்றாவது ஆள். இவர்களை ‘கிருஷ்ணசாமி குடும்பம்’ என்று எழுதினால் வாசகர் சிரிப்பார். ‘ஸ்வாமி’ என்றும் ‘சாமி’ என்றும் இரண்டு விதமாக எழுதியிருக்கிறாய், அதையும் ஒன்றாக்கு.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் பிள்ளைகூட்டல். சுவீகாரம் போனால் இனிஷியல் மாறும், சில சமயம் பெயரே மாறும். சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன் மகன் முத்தையாவாகப் பிறந்தவர், சுவீகாரம் போன வீட்டில் நாராயணன் ஆனார். பிறகுதான் கண்ணதாசன். முத்தையா கட்டத்தில் இவரையும் போட வேண்டும், புனைபெயரை முன்னால் வைத்து.

அதனால் பட்டியலைக் கலைத்துவிடு. ஆளுக்கு ஒரு சீட்டு எடு. சொந்தப் பெயரை முதலில் எழுது, இனிஷியலை விரித்து அடுத்த வரியில். அப்புறம் ஊர், பிறந்த வருடம், இறந்த வருடம். செட்டியார் வீடு என்றால், நம்மவர்கள் பிரிந்திருக்கும் ஒன்பது கோயிலில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள். கோயிலும் இனிஷியலும் ஒத்துப்போனால்தான் பங்காளி என்று எழுதலாம், ஒன்று மட்டும் ஒத்துப்போனால் எழுதாதே. ‘செட்டியார்’ என்ற சொல்லை வைத்து அகரவரிசைப்படுத்தவே வேண்டாம். பாதி மலர் அதிலேயே போய்விடும். எஸ். முத்தையா என்று சென்னை வரலாறு எழுதிய பள்ளத்தூர்க்காரரும், பழைய புத்தகங்களைச் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையாவும் உன் பட்டியலில் இல்லை. அரசியலும் பட்டாளமும் சினிமாவும் இல்லாவிட்டால் என்ன, நாலாவது கட்டம் ஒன்று போடு. அவர்களை விட்டுவிட்டு முத்தையா என்று தலைப்பு வைத்தால் இந்தப் பக்கத்தில் ஒருத்தரும் மலரை வாங்க மாட்டார்கள்.

சீட்டுகளைத் தயார் செய்ததும் சிதம்பரம் கட்டத்தை முதலில் அனுப்பு. அதில்தான் பிழை அதிகம்.

அன்புடன்,
கண்ணப்பன்